நூற்றுப் பதினைந்து விழுக்காடு

ஏப்ரல் 20, ஞாயிறு

பழைய பந்துத் திடலில் தேயிலைக் கன்று நடப் போகிறார்கள். மே 26 முதல் குழி தோண்டுவார்கள். எங்கள் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட கடிதத்தை வெள்ளிக்கிழமை தட்டச்சு செய்தவளே நான்தான். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பதில் இப்படி ஒரு கொடுமை. இன்று காலை திடலில் ரிமோட் விமானம் விட வந்தவர்களிடம் சொன்னேன். இந்த மலையில் இறக்குவதற்கு வேறு சமதரை எங்கே இருக்கிறது?

மற்றவர்கள் ஆசை தீர விமானம் விட்டாயிற்று. எனக்குத்தான் வயிறு எரிகிறது. என் கையால் மரத்தில் ஒன்று செய்து அந்தத் திடலில் ஏற்றிப் பார்ப்பேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்கொண்டு மட்டும்.

பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ரிதுவான் பாய், "மலைக் காத்து மெலிசு, தங்கச்சி. கட்டையில செஞ்சா ஏறாது லா," என்றார். அவருடையது கடையில் வாங்கிய நுரை விமானம்.

இன்னும் ஐந்து ஞாயிறு இருக்கிறது. பார்த்துவிடுவோம் பாய்.

ஏப்ரல் 24, வியாழன்

பால்சா என்ற லேசான மரப் பலகை பத்து வந்துவிட்டது. எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிமன். கேக் தராசில் வைத்தால் ஒன்று 31 கிராம், இன்னொன்று 58! கனத்ததை உடம்பின் முன்பக்கத்துக்கு ஒதுக்கினேன். 31 வாலுக்கு. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் ஈயம் கட்ட வேண்டிவரும். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி நிற்கும் ரிப்புகளுக்கு, குறுக்கே வளைத்தாலும் விறைப்பாக நிற்கிற பலகை வேண்டும். ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துப் பென்சிலில் குறித்தேன்.

வீட்டுக்காரர் திரிங்காப் ஊரில் காய்கறி இறக்கிவிட்டு வந்து ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தார். "இது கட்டையா, அப்பளமா?" என்றார். தினேஸ்வரன் என்று பெயர், பேச்செல்லாம் நையாண்டி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன் எழுந்ததே கிடையாது.

ஏப்ரல் 26, சனி

விமானத்தின் வரைபடம் கடலோரத்துக்காரர் யாரோ போட்டது. இங்கே மலையில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் உடம்பை அப்படியே விட்டு, இறக்கையை மட்டும் பதினைந்து விழுக்காடு பெரிதாக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பிரிஞ்சாங் நகல் கடையில் நூற்றுப் பதினைந்து விழுக்காடு என்று சொல்லி இறக்கைப் படத்தைப் பெரிதாக்கி எடுத்து வந்தேன். எவ்வளவு சுலபம்.

மே 2, வெள்ளி

சுலபமாம்! அடி முட்டாளே.

இருபத்து நான்கு ரிப்பும் வெட்டி முடித்துவிட்டேன். ரிப்புகளைக் கோக்கிற குறுக்குச் சட்டத்தை அவற்றின் பள்ளத்தில் வைத்தால் லொடலொடவென்று ஆடுது. படம் பெரிசானா பள்ளமும் பெரிசாகும், வாங்கி வெச்ச கட்டை பெரிசாகுமா? ஆறு மில்லிமீட்டர் சட்டம், ஏழு மில்லிமீட்டர் பள்ளம். ஊர்ப்பட்ட ஆளோட செக்ரோல் சம்பளக் கணக்குல எல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிறவ நான். என் தப்பு மட்டும் எப்படிக் கண்ணுல படல?

இனி பலகையும் மிச்சம் இல்லை. இவரிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு, "ஆனைக்கும் அடி சறுக்கும், விடு புள்ள," என்று தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

மே 4, ஞாயிறு

மூங்கில் சீவி இடுக்கில் செருகினால் போதும் என்று விடிகாலையில் தோன்றியது. நேரே பாய் கடைக்குப் போய், சாத்தே கறி சுடும் மூங்கில் குச்சி கேட்டேன்.

"சாத்தே கேப்பேன்னு பார்த்தா வெறும் குச்சியா கேக்குற?"

"கறிய நீங்களே வெச்சுக்குங்க பாய்."

ஒரு கட்டு கொடுத்தார். ரிப்புக்கு மேலும் கீழும் ஒன்றாக நாற்பத்தெட்டு பள்ளம், நாற்பத்தெட்டு மூங்கில் சிம்பு. இப்போது ஒன்றும் ஆடவில்லை.

மே 11, ஞாயிறு

மழை. பசை காயவில்லை. சமையலறை மேசை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று இவர் கேட்கிறார்.

மே 20, செவ்வாய்

முடிந்தது. 940 கிராம். வரைபடத்தில் 900 என்று போட்டிருக்கிறது. சக்கரம் மட்டுமே 74. அது இல்லாமல் புல்லில் எப்படி ஓட்டி ஏற்றுவது? இரண்டு விரலில் தூக்கி நிறுத்தினேன், சமமாக நின்றது. பயமாக இருக்கிறது.

மே 25, ஞாயிறு

ஏறியது.

திடலில் பாதி ஓடுவதற்குள் தானாகவே எழும்பிவிட்டது. பாய், "மாஷா அல்லாஹ்," என்றார்.

இறங்கத்தான் மாட்டேன் என்றது. மோட்டாரை நிறுத்தினேன், மிதக்கிறது. திடல் முடிந்தது, இன்னும் மிதக்கிறது. வேலி தாண்டிப் பதினாலாம் நம்பர் தேயிலைப் பகுதிக்குள் போய்விட்டது. என் உயிரே போய்விட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், வெள்ளிக்கிழமை கொழுந்து எடுத்து மட்டமாகக் கிடந்த செடிகளின் மேல், மெத்தையில் வைத்தது போல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரக் கம்பி மட்டும் கிளையில் மாட்டி வளைந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கு உறைத்தது. நீளமும் பதினைந்து கூடியது, அகலமும் பதினைந்து கூடியது. இறக்கைப் பரப்பு முப்பத்திரண்டு விழுக்காடு பெரிசு! மிதக்காமல் என்ன செய்யும்?

மே 26, திங்கள்

ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்தேன், திடலில் குழி தோண்டுகிறார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பதினொரு மணிக்குக் கங்காணி இருளப்பன் வந்தார். திட்டு விழும் என்று எழுந்து நின்றேன்.

"உங்க பிளேன் எறங்குன எடத்தப் பாத்தேன் கிராணியம்மா. ஒரு கொழுந்து ஒடியல. மறுபடி விடணும்னா சொல்லுங்க, எடுத்து முடிஞ்ச நம்பர் எதுன்னு காட்டுறேன்."

அவர் போனதும், விமானம் விட அனுமதி கேட்டு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். கொழுந்து எடுத்து முடிந்த நம்பர்களில், ஞாயிறு காலை மட்டும். துரை இரண்டு முறை படித்தார், சிரித்தார், கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

கிளையில் மாட்டுகிற சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். இப்போது 866 கிராம். ஆனால் ஓட்டி ஏற்ற முடியாது, ஒருவர் கையால் எறிய வேண்டும். என் இரண்டு கையும் ரிமோட்டில் இருக்கும். பாய்க்குத் தோள்வலி.

ஏழு மணிக்கு எழுந்து வந்தால் இவர் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை!

"எறிஞ்சா ஒடஞ்சிறாதே?"

"ஒடையாது. நேரா எறிங்க."

எறிந்தார். பறந்தது. மூன்றாம் நம்பர் தேயிலை மேல் போய் உட்கார்ந்தது. வரிசைக்குள் புகுந்து அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னொரு தடவ," என்றார். பேட்டரி தீரும்வரை எறிந்தார்.

இப்போது தோள் வலிக்கிறதாம். தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, "அந்த முப்பத்தோரு கிராம் பலக மாதிரி இன்னொண்ணு கெடைக்குமா?" என்று கேட்கிறார்.