கம்பியில் தொங்கியவன்

ஜனவரி 9, வியாழன்

இன்று கப்பலிலிருந்து பன்னிரண்டு போர்விமானங்கள் ஏறின, பன்னிரண்டும் இறங்கின. முதல் விமானம் ஏறுவதற்கு முன்னால் என் ஹெலிகாப்டர் கிளம்ப வேண்டும். கடைசி விமானம் இறங்கிய பிறகுதான் நான் இறங்கலாம். நடுவில் எவனாவது கடலில் விழுந்தால் தூக்க வேண்டும். ஒன்பது வருடமாக இதுதான் உத்தியோகம், என் முறையில் ஒருத்தனும் விழவில்லை. விழக் கூடாதுதான். அதற்காக மனுஷனை மனுஷனாக மதிக்கவும் கூடாதா?

“என்ன ஆயா, பிள்ளைங்க எல்லாம் பத்திரமா வீடு திரும்பியாச்சா?” என்று சாப்பாட்டு மேசையில் கேட்டான் மாச்சய்யா. குடகுக்காரன். போர்விமானக்காரர்களில் அவன்தான் கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும். மேசையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கப்பல் தொலைபேசியில் ஆளுக்கு நான்கு நிமிடம். புனேயில் கௌரி எடுத்தாள். மகளுக்குப் பல் விழுந்துவிட்டதாம். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே வைத்துவிட்டோம்.

ஜனவரி 16, வியாழன்

விழுந்தது.

மூன்றாவதாகக் கிளம்பிய விமானம். தளத்தின் முனையைத் தாண்டியதும் அப்படியே மூக்கு தாழ்ந்துபோயிற்று. இருக்கையோடு ஓட்டினவன் வெளியே தெறித்தான், பாராசூட் விரிந்தது, தண்ணீர். நான் தலைக்கு மேலே போய் நின்றுவிட்டேன். ஆனால் அலை பாராசூட்டை இழுக்கிறது, பாராசூட் அவனை இழுக்கிறது. என் குழுவில் தோமர் மீட்புக் கம்பியை இறக்க, டைவர் லக்ரா குதித்தார். கயிறுகளை அறுக்கப் பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் ஹெலிகாப்டரை அசையாமல் பிடித்தேன். நானா பிடித்தேன்?

மேலே வந்தது மாச்சய்யா. லக்ராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டவன் விடவே இல்லை. கப்பலில் இறங்கி, இறக்கை நின்று, ஸ்ட்ரெச்சர் வந்த பிறகும் விடவில்லை. “அவ்வா, அவ்வா” என்று அழுதுகொண்டே இருந்தான். அவர்கள் ஊரில் அம்மாவை அப்படிக் கூப்பிடுவார்கள். நாங்கள் மூன்று பேரும் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

உயிரோடு இருக்கிறான். அடேயப்பா, உயிரோடு இருக்கிறான்!

ஜனவரி 28, செவ்வாய்

கோவாவுக்குத் திரும்பியாயிற்று. மாச்சய்யாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். முதுகெலும்பில் அடி, இரண்டு மாதம் பறக்கக் கூடாது. எதிர்ப்பட்டால் வராந்தாவின் அந்தப் பக்கமாகப் போகிறான். கடலிலிருந்து தூக்கினவர்களுக்கு ஒரு பாட்டில் வாங்கித் தருவது எங்களுக்குள் வழக்கம். வரவில்லை. நான் குடிப்பதில்லை, அது வேறு விஷயம். ஒரு வார்த்தைகூடவா வராது?

பிப்ரவரி 5, புதன்

இன்று மெஸ்ஸில் கேட்டார்கள். “ஆயா, அன்னிக்கு நிஜமா என்னதான் நடந்துச்சு? சொல்லுடா.” ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்கள்.

சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். தூணைக் கட்டிக்கொண்டு, “அவ்வா, அவ்வா” என்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் எனக்குத் தன் பங்கு மீனை எடுத்து வைத்தான். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்ப நன்றாக இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாச்சய்யா மெஸ்ஸுக்குள் நுழைந்ததும் எவனோ மெல்லிய குரலில், “அவ்வா...” அவன் தட்டைக்கூட எடுக்கவில்லை, திரும்பிப் போய்விட்டான். போகும்போது என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 20, வியாழன்

அதுவே பெயராகிவிட்டது. அவனுடைய ஹெல்மெட்டில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

கௌரியிடம் சொன்னேன். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று.

“அவர் அம்மாவைக் கூப்பிட்டதை நீ நாலு பேர் முன்னாடி நடிச்சுக் காட்டினியா?”

“எல்லாரும் கேட்டாங்க கௌரி.”

“கேட்டா?” என்றாள். அப்புறம், “குக்கர் சத்தம் போடுது, வைக்கிறேன்” என்றாள். குக்கர் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

லக்ரா பத்து நாளாக என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுகிறார். இன்று வம்படியாக நிறுத்திக் கேட்டேன்.

“என்ன லக்ரா, என் மேல கோவமா?”

“நான் யாரு சார் கோவப்பட? நீங்க ஆபீசர்.”

“பரவாயில்ல, சொல்லுங்க.”

“பதினாலு பேரைத் தூக்கியிருக்கேன் சார். அதுல யார் என்ன கத்தினாங்கன்னு என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.”

சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது எந்தப் பக்கத்து மேசையிலும் எனக்கு ஆளில்லை. எனக்கு வேண்டியதுதான்.

ஏப்ரல் 2, புதன்

மாச்சய்யாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது, பறக்கலாம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவன் பறக்க மாட்டானாம். தரையில் ஒரு மேசை வேலை கொடுங்கள் என்று கடிதம் கொடுத்திருக்கிறான். ஸ்குவாட்ரன் தலைவர் அதை இன்னும் மேலே அனுப்பாமல் வைத்திருக்கிறார், பதினைந்தாம் தேதி வரை யோசி என்றாராம்.

கடலுக்குப் பயந்துவிட்டான் என்று பேசிக்கொள்கிறார்கள். கடலா? மடையன்களா! இந்த மெஸ்ஸுக்குள் வந்து உட்கார முடியாமல்தானே போகிறான்? கடலிலிருந்து தூக்கினதும் நான், இங்கே தள்ளினதும் நான். ஐயோ, என்ன வாய் இது. வாயா இது?

ஏப்ரல் 7, திங்கள்

அவன் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தான், உள்ளே கூப்பிடவில்லை.

“மாச்சு, நான் பண்ணது பெரிய தப்பு. மன்னிச்சிடுடா.”

“ஆச்சா? கிளம்பு.”

“அந்த லெட்டரைத் திரும்ப வாங்கிக்க. என்னை என்ன வேணாலும் பண்ணு.”

“நீ எத்தனை தடவை கம்பியில தொங்கியிருக்க ஷிரோட்கர்?”

“பயிற்சியில... நீச்சல் குளத்துல...”

“குளத்துல!” முதல் தடவையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “கடல்ல குதி. அன்னிக்கு இருந்த மாதிரி கரை தெரியாத இடத்துல. ஹெலிகாப்டர் கண்ணுக்கு மறையிற வரைக்கும் போயிடணும். அப்புறமா வந்து தூக்கட்டும். நான் அதோட வாசல்ல உட்கார்ந்து பார்க்கறேன்.”

“சரி” என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

கடல் மீட்புப் பயிற்சி என்று காகிதத்தில் எழுதி அனுமதி வாங்கியாயிற்று. என் இருக்கையில் வேறு பைலட். தோமர், லக்ரா, வாசலில் மாச்சய்யா. காலை பத்து மணிக்குக் குதித்தேன்.

மேலேயிருந்து பார்க்கும்போது கடல் ஒரு தரை மாதிரி இருக்கும். உள்ளே இருந்தால் அப்படி ஒன்றும் இல்லை. ஓர் அலை தூக்கினால் அடுத்த அலை தெரிகிறது, இறங்கினால் சுற்றிலும் தண்ணீர்ச் சுவர். ஹெலிகாப்டர் சத்தம் குறைந்து குறைந்து, நின்றுவிட்டது. காது தேடித் தேடிப் பார்க்கிறது, இல்லை. இருபது நிமிடம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஐந்தாவது நிமிடத்திலேயே, என்னை மறந்துவிட்டார்கள் என்று நிச்சயமாகத் தோன்றிவிட்டது. காலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தேன், அதையேதான் நினைத்தேன். லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, முதுகில் அடி இல்லை, காலில் கயிறு இல்லை. அவனுக்கு அடியும் கயிறும் இருந்தன. கயிறுகள் அறுபடுமா, உயிரோடு மேலே வருவோமா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

லக்ரா இறங்கி வந்தார். அவர் பட்டையை மாட்டுவதற்குள் நான் அவரைப் பிடித்துவிட்டேன்.

என்ன கத்தினேன் என்பதை இங்கேயும் எழுதப் போவதில்லை.

வாசலுக்கு இழுத்துப் போட்ட பிறகும் என் கை லக்ராவை விடவில்லை. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாச்சய்யா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனிடம் இப்போது எல்லாம் இருக்கிறது. நாளை மெஸ்ஸில் எழுந்து நின்று நடித்தானென்றால், நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மத்தியானம் மெஸ்ஸுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். போனேன். மேசை நிறைய ஆள். இரண்டு மாதத்துக்குப் பிறகு மாச்சய்யாவும் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

“மாச்சு, நேத்து ஆயாவைத் தண்ணியில போட்டீங்களாமே! என்ன பண்ணான்? சொல்லு சொல்லு!” நாற்காலிகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின.

அவன் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான்.

“தண்ணி ஜில்லுனு இருக்குன்னு சொன்னான்” என்றான்.

“அவ்வளவுதானா? கத்தலையா?”

“அவ்வளவுதான்.”

கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு நாற்காலிகள் திரும்பிப் போயின. நான் தட்டைப் பார்த்துக் குனிந்தே இருந்தேன்.

கை கழுவும் இடத்தில் ஸ்குவாட்ரன் தலைவர் அவன் தோளைத் தொட்டு, “இன்னிக்குப் பதினைஞ்சு. உன் லெட்டரை என்னப்பா பண்ண?” என்று கேட்டார்.

மாச்சய்யா நிதானமாகக் கையைத் துடைத்தான்.

“எந்த லெட்டர் சார்?” என்றான்.