தெளிந்த எண்ணெய்

புனே காம்ப்
6 ஜூலை 2025

அன்புள்ள ஹெலினா,

பழைய சமையல் எண்ணெயை எரிபொருளாக்கும் உன் ஆய்வுக்கு நான் புது எண்ணெயைக் கலந்து கொடுத்ததாக மாதா கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். கலக்கவில்லை. "மகளுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கவா அக்கா புதுசா ஊத்திக் குடுத்தீங்க?" என்று கேன்டீன் மேரி எல்லார் முன்னாலும் கேட்டாள்.

நடந்தது இதுதான். கோயில் கேன்டீனில் வடை பொரித்த எண்ணெயைக் கேட்டாய். அது கறுத்துக் கசடோடு இருந்தது. நம் பெயர் ஒட்டிய கேனில் அதுவா ஆய்வகத்துக்குப் போவது? வெந்நீரில் உப்புப் போக அலசி, தெளியவைத்து, மல் துணியில் வடிகட்டினேன். இந்த வீட்டிலிருந்து அழுக்காக எதுவும் வெளியே போனதில்லை.

உன்மேல் விசாரணையாமே. நானே வந்து சொல்கிறேன். போனை எடு.

உன் அம்மா,
ஆரோக்கியமணி


ஹடப்சர்
11 ஜூலை

அம்மா,

வர வேண்டாம். நீங்கள் பேசினால், எண்ணெயைச் சோதிக்காமலே பயன்படுத்தினேன் என்பதும் வெளியே வரும். அது உண்மை. அம்மா கொடுத்தது என்று சோதிக்கவில்லை.

என் வினையூக்கியின் ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். எண்ணெய் அவற்றுக்குள் புகுந்துதான் எரிபொருளாகும். உங்கள் எண்ணெயில் அருமையாக வேலை செய்தது. பிம்ப்ரி சோதனை ஆலையில் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை விட்டதும் துளைகள் அடைத்துக்கொண்டன. பொய் முடிவு காட்டினேன் என்கிறார்கள். அழுக்கு எண்ணெய்க்காகத்தானே அம்மா அந்த வினையூக்கியைச் செய்தேன்? பள்ளியில் என் வீட்டுப்பாடத்தையும் இப்படித்தான் அழித்துத் திருத்திக் கொடுப்பீர்கள்.

ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன். என்னைத் தேடாதீர்கள்.

ஹெலினா


புனே காம்ப்
15 ஜூலை

அன்புள்ள ஹெலினா,

உன் அப்பா போன பிறகு எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன். பூசையில் உன் இடத்தில் யாரும் உட்காராமலிருக்கக் கைப்பையை வைக்கிறேன்.

விசாரணைக்கு வரமாட்டேன். இன்று கேன்டீனில் மறுபடி எண்ணெய் வாங்கினேன். "இதையும் குளிப்பாட்டுவீங்களா அக்கா?" என்றாள் மேரி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இல்லை என்றேன்.

கறுப்பாக, நாற்றத்தோடு, கசடு அப்படியே இருக்கிறது. கேனில் என் பெயரை எழுதி ஒட்டி வாசலருகே வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் கை துறுதுறுக்கிறது. தொடவில்லை.

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டாயா? இந்த எண்ணெயை வந்து எடுத்துப்போய் ஒருமுறை செய்து பார்ப்பாயா? நான் எதுவும் கேட்கமாட்டேன், கதவை மட்டும் திறக்கிறேன். வருவாயா, மாட்டாயா என்று எழுதி அனுப்பு.

அம்மா