அடுத்த மாடல் வரும்வரை

முள்ளிப்பட்டு,
14.3.2004, ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

கற்பகம் எழுதுவது. இங்கே அத்தை, காவ்யா, நான் மூவரும் நலம் என்று முதல் வரியில் எழுத வேண்டும் அல்லவா, எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் உங்கள் அறைக்காரர்களும் நலமாக இருக்க வேண்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள்மேல் கோபம். ரசத்தில் உப்புப் போதவில்லை என்று நீங்கள் சொன்னால் வருமே, அந்த மாதிரிக் கோபம் இல்லை. ஆறு மாதமாக ஊறிய கோபம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததுமே "இரு, இரு, நான் சொல்றத கேளு" என்கிறீர்கள். வெள்ளிக்கிழமை கிடைப்பது எட்டு நிமிடம். அதில் ஐந்து நிமிடம் உங்கள் கடைக்கு வந்து இறங்கிய புதுச் சாமான்களின் புராணம். இரண்டு நிமிடம் காவ்யா. மீதி ஒரு நிமிடத்தில் "சாப்ட்டியா, அம்மா முட்டி வலி எப்படி கீது" என்பதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, ஏன் கோட்டைத் தாண்டி ஓடுகிறது என்று கேட்காதீர்கள். அதற்கும் வருகிறேன்.

கம்ப்யூட்டர் விஷயம்தான். ஒரு கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு கேமரா, வீட்டில் இருக்கிற போன் லைன். நீங்கள் குவைத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தால் உங்கள் முகம் முள்ளிப்பட்டில் தெரியும் என்று, ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் விக்னேஷ் தம்பி சொன்னார். உங்கள் முகத்தை நேரில் பார்த்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. 2002-ல் வந்தீர்கள், நாற்பது நாள் இருந்தீர்கள், போனீர்கள். அதனால் கேட்டேன். அது குற்றமா?

ஆவணியில் கேட்டபோது "தீபாவளிக்கு மேல வெல எறங்கும், இரு" என்றீர்கள். தீபாவளியும் போனது, பொங்கலும் வந்தது. மறுபடி கேட்டேன். "டப்பா மாதிரி இருக்கிற மானிட்டர வாங்கித் தொலைக்காத, தட்டையா ஒண்ணு வந்துகினு இருக்குது, இரு" என்றீர்கள். போன மாதம் கேட்டேன். "போன் லைன்ல படம் வெட்டி வெட்டி வரும். வேகமான லைன் வரப்போவுதாம், அதுவரைக்கும் இரு." கடை வாசலில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இன்றைக்கே வாங்குங்கள் சார், நாளைக்கு ஸ்டாக் இருக்காது என்று விற்பதுதானே உங்கள் வேலை? ஊருக்கெல்லாம் இன்றைக்கே, கட்டிய பெண்டாட்டிக்கு மட்டும் இரு. நன்றாக இருக்கிறது நியாயம்.

நீங்கள் தறி வீட்டில் பிறந்தவர்தானே? தறியில் இருக்கிற பாவு முடிவதற்குள் புதுப் பாவின் இழைகளை அதன் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துவிடுகிறோம். இன்னும் நல்ல பட்டு வரட்டும் என்று பழைய பாவை வெறுமனே ஓடவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அத்தனை ஆயிரம் இழையையும் திரும்ப முதலிலிருந்து விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் கோக்க வேண்டும். அப்படி ஒரு தடவை விட்டதற்கு உங்கள் அப்பாவிடம் அடி வாங்கியதாக நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். குவைத்துக்குப் போனால் அதெல்லாம் மறந்துவிடுமா?

நீங்கள் அனுப்பிய போட்டோ வந்தது. அறையில் ஏழு பேர். நடுவில் யாரோ ஒரு மீசைக்காரர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வழக்கம்போல ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு. தீபா கல்யாண ஆல்பத்திலும் இப்படித்தான். கூடப் பிறந்த அண்ணன், சமையல்காரருக்கும் அந்தப் பக்கம் நிற்கிறீர்கள். போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு நான் உங்களைத் தேடினேன், தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் காவ்யாதான் விரல் வைத்துக் காட்டினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. 

விக்னேஷ் கடையிலேயே உட்கார்ந்து பேசலாமே என்பீர்கள். தை மாதம் அதையும் செய்தேன், நினைவிருக்கிறதா? புடவை மாற்றி, பூ வைத்து, காவ்யாவுக்கு இரட்டைச் சடை போட்டு, பஸ் ஏறிப் போனோம். ஒரு மணி நேரம் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் வரவில்லை. கடையில் ஸ்டாக் எடுக்கிறார்களாம், அடுத்த வாரம் பார்ப்போமாம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு சைக்கிள் என்மேல் மோதியது. "மணி அடிச்சிகினு தானே வரேன், கண்ணு தெரியல?" என்று அவன் கத்தினான். நானும் பதிலுக்குக் கத்தினேன். ஆனால் உண்மையில் அவன் வந்தது எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் ஆரணிக்குத் தனியாகப் போவதில்லை.

அத்தை கூப்பிடுகிறார்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

19.3.2004, வெள்ளி.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். கோபம் ஆறிவிட்டால் அனுப்ப வேண்டாம் என்றுகூட நினைத்தேன். இன்றைக்கு நீங்கள் போன் செய்து அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டீர்கள்.

என்னவோ எக்ஸிபிஷனுக்குப் போனீர்களாம். அங்கே ஒரு கண்ணாடி வைத்திருந்தார்களாம். தலைக்கவசம் மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டுமாம். மாட்டிக்கொண்டால் ஒரு வீட்டுக்குள் நடப்பது போலவே இருக்கிறதாம், தலையைத் திருப்பினால் அந்தப் பக்கச் சுவர் தெரிகிறதாம். "இத்த வாங்கலாம் கற்பகம். கம்ப்யூட்டர்லாம் இனிமே எதுக்கு? இன்னும் ரெண்டு மூணு வருசத்துல வெல எறங்கிடும். நீ அங்க மாட்டிக்கோ, நான் இங்க மாட்டிக்கிறேன். எதிர்ல உக்காந்துகினு இருக்கிற மாதிரியே இருக்கும். கைய நீட்டி தொட்டுடலாம்னு தோணும். அதுவரைக்கும் இரு" என்றீர்கள். எவ்வளவு சந்தோஷம் உங்கள் குரலில்! தொடுவதற்குக்கூட மிஷின் வரட்டும் என்று காத்திருக்கிற ஆளை இந்த ஊர் பார்த்திருக்காது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். கட்டாகவில்லை. நான்தான் ரிசீவரை வைத்தேன்.

இனி மறைத்துப் பயனில்லை. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள எனக்குக் கண் இருக்க வேண்டும் அல்லவா?

கார்த்திகையில் நடந்தது. புதுப் பாவு வந்தது. நானும் பக்கத்து வீட்டு சாவித்திரி அக்காவும் உட்கார்ந்து பிணைத்தோம். கரை ஓரத்தில் கரும்பச்சை ஒரு கோடு, அதை ஒட்டிக் கருநீலம் ஒரு கோடு. அந்தப் பக்கத்தை நான்தான் பிணைத்தேன். பத்து வருடமாகச் செய்கிற வேலை, பேசிக்கொண்டே செய்வேன். ஒரு முழம் நெய்த பிறகு முதலாளியின் ஆள் சின்னதுரை நெசவைப் பார்வையிட வந்தார். வந்தவர் தறிக்குமேல் குனிந்து, "இன்னாம்மா இது, பச்சை ஓட வேண்டிய இடத்துல நீலம் ஓடிகினு கீது? நீலத்துல பச்ச. கண்ண எங்க வெச்சிகினு பிணைச்ச?" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். உங்கள் சாயம் சரியில்லை, எங்களைச் சொல்லாதீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் இரண்டு நூலை அறுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. காவ்யாவைக் கூப்பிட்டு இது என்ன நிறம் என்றேன். பச்சை என்றாள். இது என்றேன். நீலம் என்றாள், என்னமா இதுகூடத் தெரியலையா என்று ஓடிவிட்டாள்.

அப்போதே போயிருக்க வேண்டும். நான்தான் பொங்கல் வேலை முடியட்டும், சித்திரைக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். நானும் உங்கள் மாதிரி ஆள்தான், மறுக்கவில்லை. அந்தச் சைக்கிள் மோதிய பிறகுதான் அத்தை விடாப்பிடியாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள். இருட்டு அறையில் உட்கார வைத்து, சின்னச் சின்ன வெளிச்சம் காட்டி, தெரிந்தால் பொத்தானை அழுத்து என்றார்கள். பாதி நேரம் நான் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு பட்டுப்போய்க்கொண்டு வருகிறதாம். பார்வை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருமாம். நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், எவ்வளவு காலம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய் என்று அந்த டாக்டரம்மா கேட்டார்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றது அத்தைதான். "சொல்லாதடி, கேட்டா பேஜாரா பூடுவான், வேலய அப்படியே உட்டுட்டு ஓடியாந்துடுவான்" என்றார்கள். அத்தையைக் கோபிக்காதீர்கள். தினமும் மூன்று வேளை, மணி பார்த்து, சொட்டு மருந்து விடுவது அவர்கள்தான். கை நடுங்குகிறது, பாதி கன்னத்தில் விழுகிறது. கரை போட்ட புடவை இப்போது எனக்குத் தருவதில்லை. ஒரே நிறத்தில் உடல் மட்டும் நெய்கிறேன். அதற்குக் கண்ணைவிடக் கை போதும்.

எனக்கு அழுகை வரவில்லை மாமா, ஆத்திரம்தான் வருகிறது. அடுத்த மாடலில் படம் தெளிவாக வரும், அதற்கடுத்த மாடலில் இன்னும் தெளிவாக வரும் என்கிறீர்கள். வரட்டும். நல்ல பொருளாகவே இருக்கட்டும். ஆனால் என் கண் உங்கள் கம்பெனி மாதிரி வருடத்துக்கு ஒரு மாடல் விடாது. இருக்கிற இந்த மாடல் ஒன்றுதான், அதுவும் தேய்ந்துகொண்டு வருகிறது.

20.3.2004, சனி.

வாங்கிவிட்டேன்.

உங்களிடம் கேட்கவில்லை. சீட்டு எடுத்து வாங்கினேன். இன்று காலை விக்னேஷ் தம்பியே ஆட்டோவில் கொண்டுவந்து மாட்டினார். நீங்கள் வேண்டாம் என்ற அதே டப்பா மானிட்டர்தான். தறிக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறோம். காவ்யா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். கேமரா ஒரு கொய்யாக்காய் அளவுதான் இருக்கிறது. அத்தை அதற்கு எதிரே வரமாட்டேன் என்கிறார்கள். தலை வாரிக்கொண்டுதான் வருவார்களாம்.

மாட்டி முடித்த பிறகு தம்பி கடைக்குப் போய் அங்கிருந்து பேசிக் காட்டினார். நீங்கள் சொன்னது சரிதான், படம் வெட்டி வெட்டித்தான் வருகிறது. கையைத் தூக்கினால் நாம் மூன்று எண்ணிய பிறகுதான் கை மேலே போகிறது. முதலில் எனக்கு அவரைத் தெரியவே இல்லை. வெறும் நாற்காலியின் முதுகுதான் தெரிந்தது. காவ்யா, "மா, அந்த அண்ணா ஓரமா உக்காந்துகினு இருக்காரு" என்றாள். தம்பி, நடுவில் வாருங்கள் என்றேன். வந்தார். முகம் முழுதும் தெரிந்தது மாமா. கோணல் பல் ஒன்று இருக்கிறது அவருக்கு, அதுகூடத் தெரிந்தது. எனக்கு அது போதும்.

லீவைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் கேட்கவில்லை. போன வருடமும் கேட்டேன், இந்த வருடமும் கேட்டேன், அடுத்த வருடம் டிக்கெட்டோடு சேர்த்துத் தருவார்கள், இரு என்றீர்கள். இதைப் படித்த பிறகு உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதுங்கள்.

ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமை. நம் ஊரில் மாலை ஐந்து மணி, உங்களுக்கு இரண்டரை. தம்பி எழுதிக் கொடுத்த ஐடி தனித் தாளில் இருக்கிறது. ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். முகச்சவரம் செய்துகொள்ளுங்கள், தலையில் அந்தத் தொப்பி வேண்டாம். வெளிச்சம் முதுகில் விழாமல் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். காவ்யாவிடம் பேசும்போதும் கேமராவைப் பாருங்கள். உங்கள் அறை நண்பர்கள் வந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்றால் அது கடைசியில். நான் அழமாட்டேன், அழுதால் இருப்பதும் கலங்கிவிடும். நீங்களும் அழக் கூடாது.

எங்கே உட்காரச் சொன்னாலும் ஓரத்தில்தான் போய் உட்காருவீர்கள், எனக்குத் தெரியும். உங்களை நூறு தடவை கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நடுவில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
கோபம் தீராத
உங்கள் கற்பகம்