உன் கிருமியும் என் கிருமியும்

அக்காவுக்கு, உன் ஓரகத்தி எழுதிக்கொள்வது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: கிருமி டாக்டரம்மா, கட்டுப் போடும் நர்ஸ், என் மகன், அவன் பெண்டாட்டி, காதை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு வாசலில் தரை துடைத்தவள், ஒரு கட்டிலில் நீ, பக்கத்துக் கட்டிலில் நான். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் காலில் ஆறாத புண், இரண்டிலும் வாயில் நுழையாத பெயருள்ள திராட்சைக்கொத்து மாதிரித் தெரியும் அதே கிருமி. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கிருமியைத் தின்கிற கிருமியை விட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. முதலில் நம் கிருமிகளைத் தட்டில் வளர்த்து, அவற்றின்மேல் அந்தத் தின்னி கலந்த தண்ணீரைச் சொட்டு விட்டிருந்தார். உன் தட்டில் சொட்டு விழுந்த இடமெல்லாம் கிருமி செத்து, தெளிவான வட்டம். என் தட்டு ஆடை படிந்த பால் மாதிரி அப்படியே இருந்தது. பெயர் ஒன்றுதான், வகை வேறு. இந்தத் தின்னி உன் கிருமியைத்தான் தொடுமாம். "பாட்டி, உங்க கிருமியும் உங்கள மாதிரியே, யாரு சொன்னாலும் கேக்காது" என்றாள் நர்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான்.

மாமியார் சாவிக்கொத்தை உன்னிடம் கொடுத்தார், பொறுத்தேன். ஜன்னல் வைத்த அறை உனக்குப் போனது, பொறுத்தேன். கிருமிகூடவா உனக்கு அடங்கி நடக்க வேண்டும்? நீ புண் ஆறி, புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு மகன் ஊருக்குப் போய்விட்டாய். என்னிடம் வெட்டு டாக்டர் வந்து, கணுக்காலுக்கு மேலே எடுத்துவிடலாம் என்றார்.

டாக்டரம்மா விடவில்லை. சாக்கடைத் தண்ணீரில் இந்தத் தின்னிகள் கிடைக்குமாம். என் மகன் ஆஸ்பத்திரிச் சாக்கடை, சந்தைச் சாக்கடை, எங்கள் வீட்டுச் சாக்கடை என்று பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்தான். கடைசியில் ஒன்றுக்கு என் தட்டிலும் வட்டம் விழுந்தது. எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். நீ பூட்டிவிட்டுப் போன வீட்டின் பின்பக்கச் சாக்கடை!

வேண்டாம் என்றுதான் சொன்னேன். "காலு போனாலும் பரவால்ல, பெரியத்தை வீட்டுத் தண்ணி மட்டும் ஆகாதா அத்தை?" என்று கேட்டாள் மருமகள். காலை நீட்டிக் கொடுத்தேன்.

வடிகட்டிச் சுத்தம் செய்துதான் விட்டார்கள். புண் மூடி வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். உன் கட்டிலில் இப்போது யாரோ ஒருத்தி, வாயே திறப்பதில்லை.

வெறுங்காலோடு நடக்காதே. சீக்கிரம் புறப்பட்டு வா. நர்ஸை மன்னித்துவிட்டேன், வெட்டு டாக்டரையும். ஒருத்தியை மட்டும் மன்னிப்பதாக இல்லை. அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அது நீதான், அக்கா.