படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டி

களக்காடு,
ஆவணி 20

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தேன்மொழி எழுதுவது.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதலாம்தான். ஆனால் நேற்று சாயங்காலம்தான் உன் இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்பது வரை அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டாள். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். நீ மஸ்கட்டில் தும்மினால் இன்பமணி அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கஷாயம் சொல்லுகிறாள். அத்தனை பேர் நடுவே நான் என்னத்தைப் பேச? வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், ஒரு வரி படித்ததுமே நீ கூப்பிட்டுவிடுவாய். எனக்கு வாய் அடைத்துவிடும். அதனால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாதபடி தாளில் எழுதுகிறேன். மீரா முகைதீன் அண்ணன் புதன்கிழமை அங்கே வருகிறார். அம்மா கொடுத்துவிடும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கு அடியில் இந்தக் கவர் இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. ஆடிக்காற்றில் நம் வயலில் ஏத்தன் வாழை பதினொன்று சாய்ந்தது. மற்றதற்கெல்லாம் அப்பா முட்டுக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. பெரிய ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்கு அம்மா உன் பெயரைத்தான் வைத்திருக்கிறாள். அது சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லையாம்.

இனி என் செய்தி. உன்னிடமும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அண்ணா. பாளையங்கோட்டையில் நேசையா சாரின் எலெக்ட்ரிகல் கான்ட்ராக்ட் ஆபீசில் உட்கார்ந்து எஸ்டிமேட் போடுகிறேன் என்றுதானே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்? முதல் நாலு மாதம் அது உண்மைதான். பிறகு ஒருநாள், வரைபடத்தோடு சரிபார்த்து வா என்று சார் என்னை ஒரு புது வீட்டுக்கு அனுப்பினார். அங்கே வயர்மேன் ஷிபின் டிபி பெட்டிக்குக் கம்பி கொடுத்துக்கொண்டிருந்தான். வீட்டின் எல்லா அறைக்கும் கரண்டு பிரியும் பெட்டி அது. உள்ளே பார்த்தால் கோழி கிளறின வைக்கோல் மாதிரி இருந்தது. எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை. அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் எட்டுக் கம்பியைக் கழற்றி நானே திரும்ப மாட்டினேன். வந்தவன் டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குத் தலை சீவிச் சடை பின்னிட்டியாக்கும்" என்றான். கேலிதான். ஆனால் மறுநாள் சாரிடம் அவனே போய்ச் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து எங்கள் வேலைகளில் எல்லாப் பெட்டியும் நான்தான் செய்கிறேன்.

எப்படிச் செய்கிறேன் என்று சொல்லட்டுமா? கம்பிகள் மேலிருந்து இறங்கும் இடத்திலேயே நிறம் வாரியாகப் பிரித்துவிடுவேன். கருப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் தனியே. ஒவ்வொன்றும் தன் சுவிட்சுக்கு நேரே வந்ததும் ஒரே அளவில் வளைந்து உள்ளே போகும். பின்னால் யாராவது கழற்றி மாட்ட நாலு விரல் நீளம் கூடுதலாக விட்டு மடக்கி வைப்பேன். ஒவ்வொரு நுனியிலும் எண் போட்ட வளையம் இருக்கும். கட்டுகிற பிளாஸ்டிக் டையின் வாலை ஒட்ட நறுக்குவேன். இல்லாவிட்டால் அடுத்து கை விடுகிறவரைக் கீறிவிடும். மூடி போட்டுவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஷிபின் கேட்பான். ஏதாவது கோளாறாகி, அவசரத்தில் கை நடுங்கிக்கொண்டு ஒருவர் திறப்பாரே, அவர் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அவனிடம் சொன்னதில்லை.

அப்பாவிடம் ஏன் மறைத்தேன் என்று உனக்கே தெரியும். மோட்டார் போட வேண்டும் என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு, காய்ந்த கம்பால் எட்டி நின்று தட்டுகிறவர் அவர். நான் பி.ஈ. முடித்த அன்று, இனி என் மக கையில மண்ணும் படாது, கத்தியும் படாது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். என் விரலில் கம்பி கிழித்த காயத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். பேப்பர் வெட்டிவிட்டது என்றேன். "ஆபீசு பேப்பரு இம்புட்டு ஆழமாவா வெட்டும்?" என்று தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் முக்கியம். வாழைமண்டி சுடலைராஜ் அண்ணாச்சி பாளையங்கோட்டையில் புது வீடு கட்டியிருக்கிறார் அல்லவா, அதற்குப் பால் காய்ப்பு. அந்த வீட்டு வேலை எங்களுடையது. படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டி என்னுடையது. ஆறு மணிக்கு முகூர்த்தம். நேசையா சார் ஞாயிறு ஆராதனை முடித்துத்தான் வருவார், அதனால் என்னிடம் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து முன்னாலேயே அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் வாசலில் அப்பா, மண்டிக்கு என்று ராத்திரியே வீட்டிலிருந்து கிளம்பினவர். குலை தள்ளின வாழைமரம் இரண்டை மண்டி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து கேட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும், இது என் மக, இந்த வீட்டுக்குக் கரண்டு கொடுத்த ஆபீசுல இருக்கா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் கடிகாரத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது வீடு முழுக்கக் கரண்டு நின்றது. விடிந்தும் விடியாத நேரம், அடுப்பு வெளிச்சம் மட்டும்தான். குலவை போட வாயைத் திறந்த பெண்கள் அப்படியே மூடிக்கொண்டார்கள். தெருவிளக்கு எரிகிறது, பக்கத்து வீடு எரிகிறது, இந்த வீடு மட்டும் இருட்டு. "எவம்லே இந்த வயரிங் பாத்தது? பால் பொங்குற நேரத்துல வீட்ட இருட்டாக்கிப் போட்டானே" என்று அண்ணாச்சி கத்தினார். சாருக்குப் போன் போட்டால் கோயிலில் அணைத்து வைத்திருக்கிறார். இதோடு அந்த ஆளுக்கு என் மண்டி வேலையும் கிடையாது என்று அண்ணாச்சி சொல்வது கேட்டது.

எந்தத் திருகை முடுக்காமல் விட்டேன் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். நான்தான் என்று முன்னால் போனால் அப்பாவுக்குத் தெரியும். போகாவிட்டால் சாருக்கு வேலை போகும். கடைசியில் அப்பா பக்கத்தில் போய், அந்தப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறது, பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

எழுதி ஒட்டினது நான்தானே. ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுவேன், பெரிய பெரிய எழுத்தில், தமிழில். அப்பா போன் டார்ச்சை அடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார்: "மின்சாரம் நின்றால் பயப்பட வேண்டாம்." படித்துவிட்டு அவரே ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். சுவிட்சைத் தொட அண்ணாச்சிக்கும் பயம். "பிச்சைக்கண்ணு, நீரு தள்ளும் வே, நான் படிக்கேன்" என்கிறார். எனக்குக் கண்ணாடி இல்லாமலே நல்லாத் தெரியுது அண்ணாச்சி, நீங்க தள்ளுங்க என்று அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாச் சின்ன சுவிட்சையும் கீழே தள்ளவும், பெரியதை மேலே போடவும், பிறகு சின்னதை ஒவ்வொன்றாக மேலே தள்ளவும், எதைத் தள்ளினதும் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு என்று வாசித்து முடித்ததும் அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எந்த வாய்க்கால்ல ஒடப்புன்னு தெரியலன்னா மடைய அடைச்சு அடைச்சுப் பாப்போம்லா, அதத்தான் சொல்லுதான்" என்றார். நாலு வருஷம் படித்த எனக்கு இப்படிச் சொல்ல வந்திருக்காது.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை விரலில் சுற்றிக்கொண்டு தள்ளினார். அடுப்படி, எரிந்தது. கூடம், எரிந்தது. சாமி அறை, மாடி, மோட்டார், ஒன்றும் ஆகவில்லை. வாசல் என்று எழுதினதைத் தள்ளினார், டப்பென்று எல்லாம் நின்றது. அதை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்றதைப் போட்டார்கள். வெளிச்சம் வந்தது. பால் அப்போதுதான் பொங்கி வழிந்தது, அண்ணா. யாரோ பால் கரண்டுக்காகக் காத்திருந்தது என்றார்கள். நான் அடுப்பைத் தணித்து வைத்திருந்தேன், அதுதான் விஷயம். பெண்கள் போட்ட குலவையில் அண்ணாச்சியின் கோபம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதியைப் போக்கினது நம் அப்பா. வாசலில் போய்ப் பார்த்தால், சீரியல் செட்டுக்காரர் இழுத்திருந்த கம்பி தொங்குகிறதே, போகிறவர் வருகிறவர் தலையில் இடிக்குமே என்று, அதை வாழைமரத்தோடு சேர்த்து நாரால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். நீ பார்த்திருக்கிறாயே, அப்பா கட்டின கட்டு சூறாவளிக்கும் அவிழாது. இறுக்கின இறுக்கில் கம்பியில் ஒட்டுப் போட்ட இடத்தின் டேப் நழுவி, செம்பு ஈர மரத்தில் பதிந்திருந்தது. கோலம் போட்டவர்கள் தெளித்த தண்ணீர் வேறு. கேட்டோ இரும்பு. அப்பா நாரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த மரத்தில் சாய்ந்துகொண்டுதான் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

நேசையா சார் பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டரைக்கு வந்தார். கரண்டு ஒழுகினால் உடனே அறுத்துவிடத்தான் அந்தப் பெரிய சுவிட்சு, அது அதன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று அண்ணாச்சிக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று மெயினை அணைத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. அப்பா குரல்தான் முதலில் கேட்டது. "பாத்தியில தண்ணி பிரிஞ்சு போன மாதிரில்லா இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறல பாருங்க" என்றார். யார் செய்தது என்று சாரிடம் கேட்டார். சார் வாயைத் திறந்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்று வேண்டாமென்று தலையைத் தலையை ஆட்டினேன். சார் இருமிவிட்டு, நம்ம ஆள் ஒருத்தர்தான் என்றார். கோயிலிலிருந்து நேரே வந்த மனுஷனைப் பாதிப் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

அப்பா அந்தப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார், அண்ணா. "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ ஆபீசுலதான இருக்க, அந்தப் பிள்ளையப் பாத்தா நான் சொன்னேன்னு சொல்லும்மா என்றார். நான் சரிப்பா என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். தான் கட்டின கட்டைப் பற்றி அப்பா ஒளிக்கவில்லை. டீக்கடையில் அவரே சொல்லிச் சிரிக்கிறார். முந்தாநாள் மோட்டார் ஷெட்டில் உள்ள பெட்டியைத் திறந்து, இதையும் அந்தப் பிள்ளை வந்து பார்த்தால் நல்லது என்றார். கம்பு இன்னும் கையில்தான் இருந்தது. எண்ணெய் தடவும்போது என் விரலை ஒரு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஐப்பசியில் தொடங்கும்படி சார் திருநெல்வேலியில் ஒரு அடுக்குமாடி வேலை எடுத்திருக்கிறார். இருபத்துநாலு வீடு, இருபத்துநாலு பெட்டி. அதை நான் பொறுப்பில் எடுத்துச் செய்ய வேண்டும், தினமும் சைட்டில் நிற்க வேண்டும், அப்படியே சூப்பர்வைசர் சான்றிதழுக்கும் மனு போடலாம் என்கிறார். ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் இனி ஒருநாளும் முடியாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புரட்டாசி பிறப்பதற்குள் பதில் வேண்டுமாம். எனக்கு அந்த வேலை வேண்டும், அண்ணா. இதுவரை எதையும் இப்படி வேண்டும் என்று நான் உன்னிடம் கேட்டதில்லை.

அண்ணாச்சி வீட்டுப் பெட்டியைப் போட்டோ எடுத்துக் கழுவி இதோடு வைத்திருக்கிறேன். மூடி போடும் முன் எடுத்தது. உன் அறையில் இருக்கிறவர்களுக்குக் காட்டினால் காட்டு. இருமலுக்குக் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. சங்கிலி பூதத்தார் உன்னைக் காப்பாற்றட்டும்.

இவ்வளவு எழுதியும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிடுவாய். அப்பா பக்கத்தில்தான் இருப்பார். ஸ்பீக்கர் போட்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்பமணி அத்தையும் இருப்பாள், இருக்கட்டும். நான் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். அந்தப் பெட்டியைச் செய்தது யார் பெற்ற பிள்ளை என்று அப்பாவிடம் நீ சொல்லிவிடு, அண்ணா.

இப்படிக்கு,
உன் வாயில்லாத தங்கை,
தேன்மொழி