நான்காவது துணி

இன்று காலை காற்று மேற்கிலிருந்து அடித்தது. தோல் பதனிடும் ஷாப் தொட்டிகளில் ஆவாரம்பட்டையும் தோலும் ஊறும் நெடி வகுப்புக்குள் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசி பெஞ்சின் ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. நீ அந்த பெஞ்சை விட்டு ஒரு வருஷம், நீ போயே ஐந்து மாதம் ஆகிறது. பழக்கத்தில் நானும் திரும்பினேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

சென்ற வருஷம் நம் சயன்ஸ் டீச்சர் மூன்று கும்பாக்களில் தண்ணீர் வைத்தது உனக்கு நினைவிருக்கும். ஒன்றில் சுடுநீர், ஒன்றில் பானைத் தண்ணீர், நடுவில் வெதுவெதுப்பானது. என் இடது கையைச் சூட்டிலும் வலது கையைக் குளிரிலும் செத்த நேரம் வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு இரண்டையும் நடுக் கும்பாவில் விடச் சொன்னார். இடது கைக்கு அது குளிர்ந்தது. வலது கைக்குச் சுட்டது. நான் திகைத்து நின்றேன். "தண்ணி ஒண்ணுதான். கை இதுக்கு முன்னால எங்க இருந்துச்சோ, அதைத்தான் சொல்லுது" என்றார் டீச்சர். நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். உலகத்தின் ரகசியம் ஒன்று கையில் அகப்பட்ட மாதிரி அன்று முழுவதும் உன்னிடம் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

அதே டீச்சர்தான் மறுவாரம் உன்னை முன் பெஞ்சிலிருந்து எழுப்பிக் கடைசிக்கு அனுப்பினார். "டீச்சர், இவ மேல தோல் ஷாப் நாத்தம் வருது. தலை வலிக்குது" என்று செல்வராணி சொன்னாள். உன் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை என்பது அவளுக்கு அந்த வாரம்தான் தெரிந்திருந்தது. அதற்கு முன் ஒரு வருஷம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து, உன் டிபன் டப்பாவில் கைவிட்டுத் தின்றவள் அவள். அப்போது ஒரு வாசமும் வரவில்லை.

உனக்குத் தூரத்து எழுத்து தெரியாது. முன் பெஞ்சிலிருந்தே கண்ணைச் சுருக்கித்தான் போர்டைப் படிப்பாய். கடைசியிலிருந்து உனக்கு அது வெறும் கறுப்புப் பலகை. பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. தவறினால் படிப்பை நிறுத்திவிடுவதாக உன் அப்பா சொல்லியிருந்தார்.

எனக்கு ஆத்திரம். நேராக டீச்சரிடம் போனேன். "கை பொய் சொல்லும்னா மூக்கும் சொல்லுமே டீச்சர். சோதிச்சுப் பாக்கலாமா?" என்றேன். அவர் சிரித்தார். "நிரூபிச்சுக் காட்டு. அவ முன்னாலயே உக்காரட்டும்."

ஒரே வெள்ளைத் துணியை நான்காகக் கிழித்தோம். நீ, நான், செல்வராணி, பிலோமினா நான்கு பேரும் ஆளுக்கொன்றை ஒரு நாள் முழுக்க இடுப்பில் செருகி வைத்திருந்தோம். மறுநாள் நீயே ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டினாய். எது யாருடையது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். மத்தியானம் வேப்பமரத்தடியில் டீச்சர் முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்தோம். முதலில் நான். ஒன்றில் மல்லிகை, ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் விறகுப் புகை. நான்காவதில் எதுவுமே இல்லை. அதுதான் உன்னுடையது என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கண்கட்டை அவிழ்த்தேன்.

செல்வராணி நான்காவதை முகர்ந்து தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "இதுதான். குடலைப் பிடுங்குது." பிலோமினாவும் அதையே காட்டினாள். துணியை வாங்கிப் பார்த்தேன். அந்தத் துணியின் ஓரத்தில் நீல மசி. முந்தின நாள் என் பேனா ஒழுகியபோது பட்டது.

"யாருதுடி அது?" என்றார் டீச்சர்.

நீ என்னைப் பார்க்கவில்லை. "என்னுதுதான் டீச்சர்" என்றாய்.

டீச்சர் என் பக்கம் திரும்பி, "இப்ப என்ன சொல்றே?" என்று கேட்டார். மசி தெரியாமல் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நாகல் நகர் வரை கூடவே வந்தாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "எனக்குப் பழகிருச்சு புள்ள. உனக்குப் புதுசு. தாங்க மாட்டே" என்றாய். பிறகு, "உங்க வீட்டு முன்கட்டுல பொகையிலைச் சிப்பம் அம்புட்டு அடுக்கியிருக்கே. அந்த வாசம் உனக்குத் தெரியாது. எங்க வீட்டு வாசம் எனக்குத் தெரியாத மாதிரி. உன்னை மொத நா பாத்தப்பவே எனக்குத் தெரியும்" என்று சாதாரணமாகச் சொன்னாய். உண்மையை எழுதுகிறேன்: எனக்கு அப்போது நன்றி வரவில்லை. என் வீடு நாறுகிறது என்று நீ சொல்லிவிட்டாயே என்று கோபம்தான் வந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. செல்வராணியும் பிலோமினாவும் புகையிலையை முகர்ந்து தோல் என்றார்கள். தேடியது தோல், அதனால் கிடைத்ததும் தோல். இவ்வளவும் எனக்கு விளங்கியது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை.

நீ கணக்கில் தவறினாய். படிப்பு நின்றது. தோல் ஷாப்பில் பட்டை இடிக்கப் போகிறாய் என்றார்கள். ஐப்பசி மழையில் விஷக்காய்ச்சல் என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. உன் வீட்டுக்கு நான் வரவில்லை. அம்மா விடவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை.

இன்று எல்லோரும் அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. இடைவேளையில் செல்வராணியிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அந்த நாலாவது துணி என்னுது. அவளுது இல்ல. எங்க வீட்டுப் பொகையிலை வாசம் அது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "போடி, செத்தவளுக்காகப் பொய் சொல்றியாக்கும். உன் மேல என்னைக்குடி நாத்தம் வந்துச்சு?" குனிந்து என் தோளில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து முகர்ந்தாள். "பாரு. நல்ல வாசம்தான் வருது."

அதைச் சொல்லிவிட்டு என் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மணி அடிக்கும் வரை நான் நகரவில்லை.