அக்கா கடலுக்குப் போன வாரம்

கடற்கரை விடுதி
திங்கள், மார்ச் 3

என் வாலுக்கு,

ஒரு வழியாக வந்து சேர்ந்துவிட்டேன். என் ஃபோனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாயே, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. "கையில ஃபோன் இருந்தா நீ ஓய்வெடுக்க மாட்டே" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாய். இப்போது பார், காகிதம் தேடி எழுத வேண்டியிருக்கிறது. விடுதி வண்டி தினமும் நம் ஊருக்குச் சாமான் வாங்க வருகிறது. டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவரிடமே கொடு.

இது என்ன ஊரோ. இங்கே யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. சோப்பு வாங்கப் போனால் கடைக்காரர் வலை ஊஞ்சலில் படுத்தபடியே, "நீங்களே எடுத்துக்கங்க, காசை டப்பாவுல போட்டுடுங்க" என்கிறார். நடு ரோட்டில் நாய் தூங்குகிறது, வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சும்மா உட்காருவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. குளியலறையை இரண்டு தடவை கழுவிவிட்டேன்.

அப்பாவுக்கு இடது பக்கமாகவே ஊட்டு. பக்கவாதம் வந்த வலது கன்னத்தில் சோற்றை அடக்கி வைத்துக்கொள்வார், வெளியே தெரியாது. ஊட்டி முடித்ததும் விரல் விட்டுப் பார். கடிப்பார், திட்டவும் செய்வார், காதில் வாங்காதே. புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் முதுகில் பவுடர் போடு.

இன்னொன்று. அந்த முதியோர் இல்லப் பேச்சை நான் இல்லாத நேரத்தில் யாரிடமும் எடுக்காதே. சித்தி முன்னாலேயே சொல்லிவிட்டேன், என் உயிர் உள்ளவரை அப்பா நம் வீட்டில்தான்.

அக்கா

*

வீடு
செவ்வாய்

அக்கா,

கடலைப் பார்க்க அனுப்பினால் கன்னத்தைப் பற்றி எழுதுகிறாய். உன்னை என்ன செய்வது.

நீ சொன்னபடியே கடித்துவிட்டார். தட்டையும் தட்டிவிட்டார். "அவ எங்கே?" என்றார். கடற்கரைக்குப் போயிருக்கிறாள் என்றேன். "அவளாவது, போறதாவது. பொய் சொல்லாதே" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளிநாட்டு ஆபீஸில் நாற்காலியைத் தேய்த்தே பழகிய இடுப்பு என்னுடையது. அவரைப் புரட்டிப் போட்டதில் அது கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது. சீக்கிரமே என் லீவு முடிந்துவிடும். மறுபடி நீ ஒருத்திதான். தட்டைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறாய், உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அப்பாவை விட உங்க அக்காவைப் பத்தித்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

இல்லப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இப்போதைக்குத் தூங்கு.

வாலு

*

கடற்கரை விடுதி
வியாழன்

என் வாலுக்கு,

அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருக்கிறேன். செவ்வாய் சாயங்காலம் படுத்தவள், புதன் மத்தியானம் விடுதிக்கார அம்மா கதவைப் படபடவென்று தட்டின பிறகுதான் எழுந்தேன். செத்துக்கித்துப் போய்விட்டேனோ என்று பயந்துவிட்டாளாம். "தூக்கம் வர்றதுக்குத்தானே இங்க வர்றாங்க. ஆனா இப்படித் தூங்கினவங்களை நான் பார்த்ததில்லை" என்று சிரித்தாள்.

சூடாகச் சாப்பிட்டேன். ஆறிப்போகாத சோறு எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது.

தண்ணீர் காலில் படுகிற மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மீன் நல்லதா கோழி நல்லதா என்று வெகுநேரம் சண்டை போட்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது. அசதிடி. தூங்கினால் போய்விடும் என்று நினைத்தேன், தூங்கின பிறகுதான் எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது.

விடுதியில் அறை காலியாகத்தான் இருக்கிறதாம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா? நீ சொன்னால் வந்துவிடுகிறேன்.

அக்கா

*

வீடு
சனி

அக்கா,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். அப்பாவைப் பற்றி அதில் ஒரு கேள்வி கூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று அப்பாவை இல்லத்தில் சேர்த்துவிட்டேன். உன்னைக் கடலுக்கு அனுப்பியதே அதற்குத்தான். நீ இங்கே இருந்தால் வாசலில் குறுக்கே படுத்திருப்பாய். உன்னை ஏமாற்றினேன், அக்கா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

சுத்தமான இடம். ஜன்னல் பக்கத்துக் கட்டில். ஊட்டிவிட்டு, நான் சொல்லாமலே விரல் விட்டுக் கன்னத்தைப் பார்த்தார் நர்ஸ். வண்டியில் போகும்போது அப்பா என் கையைப் பிடித்து, "உங்கக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாதுப்பா" என்றேன். "அதானே பார்த்தேன். தெரிஞ்சா விடுவாளா" என்று சமாதானமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து காலிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

வாலு

*

கடற்கரை விடுதி
திங்கள்

என் வாலுக்கு,

நீ என்னை ஏமாற்றவில்லை. எனக்குத் தெரியும்.

கிளம்புகிற அன்று அப்பாவின் பழைய ஸ்கேன் படங்களைக் கேட்டாயே. ஒரு வாரம் பார்த்துக்கொள்வதற்கு ஸ்கேன் எதற்கு? மாத்திரைச் சீட்டு போதாதா? நீ கேட்டதும் பரணில் ஏறி, தூசி தட்டி, நானே எடுத்துக் கொடுத்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய், அப்புறம் நான் தடுத்தாக வேண்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு மூச்சு வந்தது. நான் இங்கே ஏமாறத்தான் வந்தேன்.

இதை யாரிடமும் சொல்லாதே. சித்தி கேட்டாலும், எதிர்வீட்டுக்காரி கேட்டாலும், அக்காவுக்குத் தெரியாமல் நான்தான் செய்தேன் என்று சொல். நீ விமானம் ஏறிப் போய்விடுவாய். நான் அந்தத் தெருவில்தான் இருந்தாக வேண்டும். கேட்பது தப்பு என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா

*

வீடு
செவ்வாய்

அக்கா,

சொல்லியாயிற்று. சித்தி, "பெத்த அப்பனைத் தள்ளிட்டு ஓடுறியா" என்று காறித் துப்பாத குறை. எதிர்வீட்டுக்காரி முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை, நீ நிம்மதியாக இரு.

ஆனால் அப்பா தினமும் காலையில் சட்டை பட்டனெல்லாம் போட்டுவிடச் சொல்கிறாராம். நீ வந்து சண்டை போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊர் வாயை நான் வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் நீதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை எனக்கு விமானம். அதற்குள் வா, இரண்டு பேருமாகப் போய் உட்கார்ந்து சொல்லிவிடலாம்.

வாலு

*

கடற்கரை விடுதி
வியாழன்

என் வாலுக்கு,

நேற்று பையைக் கட்டி வண்டி வரைக்கும் வந்தேன். டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். "நீங்க போங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

என்னைப் பார்த்ததும் அப்பா இடது கையை நீட்டுவார். "போலாமா" என்பார். இல்லை என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை. சரி என்று சொல்லவும் திராணி இல்லை.

கிளம்புவதற்கு முன் அந்த நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போ. அப்பா எப்போது கேட்டாலும், பெரிய பொண்ணு நாளைக்கு வர்றா என்று சொல்லச் சொல். அவருக்கு இப்போதெல்லாம் கிழமை தெரிவதில்லை. கேட்டுவிட்டு நம்பிக்கையோடு தூங்கிவிடுவார்.

பத்திரமாகப் போய்ச் சேர். நான் அவரைப் பார்க்க வருவேன். நாளைக்கு இல்லை.

அக்கா